பதினான்காம் வாக்கியம்

எங்கள் பிரிவில் அவருக்கு அகராதி என்று பெயர். அந்தப் பெயரை வைத்தது யார் என்று கேட்டால் ஆளுக்கு ஒரு பக்கம் கை காட்டுவார்கள். நான்தான் வைத்தேன். வேலைக்குச் சேர்ந்த இரண்டாவது வாரம், அவர் எழுதிக் கொடுத்த பக்கத்தில் ஒரு சொல் புரியாமல் எழுந்துபோய்க் கேட்டேன். மூக்குக்கண்ணாடிக்கு மேலாக ஒரு பார்வை பார்த்துவிட்டு இருபது நிமிடம் விளக்கினார். அந்தச் சொல்லுக்கும் அதன் பங்காளிச் சொற்களுக்கும் என்ன உறவு, என்ன தகராறு என்பது வரைக்கும். திரும்பி வந்து, "சரியான அகராதி" என்று பக்கத்து மேசையில் முணுமுணுத்தேன். என் வாய் அப்படி. சாயங்காலத்துக்குள் அது பட்டமாகிவிட்டது. அவர் காதிலும் விழுந்தது. கோபித்துக்கொள்வார் என்று பார்த்தால், பதவி உயர்வு கிடைத்தவரைப் போல ஒரு வாரம் நடந்தார்.

அவருடைய அப்பா ஒரு மருந்துக்கடையில் பொட்டலம் கட்டியவர். மருந்துப் புட்டியோடு மடித்து வரும் தாள்கள் இருக்கின்றனவே, எறும்பு ஊர்வது போன்ற எழுத்தில், அவை மிஞ்சினால் வீட்டுக்கு வரும். அண்ணன்மார் அதில் கப்பல் செய்தார்கள், இவர் படித்தார். அதனால் 'குமட்டல்', 'தலைச்சுற்றல்', 'வெயில் படாமல் வைக்கவும்' என்பதற்கெல்லாம் ஏழு வயதிலேயே ஆங்கிலம் தெரியும். 'எப்படி இருக்கிறாய்' என்று ஆங்கிலத்தில் யாராவது கேட்டால் பதில் சொல்ல இருபது வயதாயிற்று. இதை அவரே சொல்லிச் சிரிப்பார். பேசுகிற ஆங்கிலம் கடைசி வரை அவர் நாக்கில் உட்காரவில்லை. எழுத்தில் வந்த ஆங்கிலம் என்றால் ஒரு சொல்கூட அவரை ஏமாற்ற முடியாது. அப்படித்தான் நாங்கள் எல்லோரும் நம்பிக்கொண்டிருந்தோம்.

எங்கள் அலுவலகத்தின் வேலை என்ன என்று சொல்லிவிடுகிறேன். தொழிற்சாலை, கிடங்கு, கட்டட வேலை என்று எங்கே தொழிலாளி ஒருவர் அடிபட்டாலோ இறந்தாலோ, விசாரணை அதிகாரி போய்ப் பார்த்து ஆங்கிலத்தில் அறிக்கை எழுதுவார். குடும்பத்தாருக்கு ஆங்கிலம் தெரியாவிட்டால் அது எங்கள் பிரிவுக்கு வரும். அகராதி தமிழில் எழுதுவார், நான் தட்டச்சு செய்வேன். பிறகு குடும்பத்தில் ஒருவரை வரவழைத்து, எதிரே உட்காரவைத்து, அகராதியே அதை வாய்விட்டுப் படிப்பார். 'கேட்டேன், புரிந்தது' என்று அவர்கள் கையெழுத்துப் போட வேண்டும். மறுப்பு இருந்தால் முப்பது நாளுக்குள் சொல்லலாம். வந்தவர்களில் பாதிப் பேர் படிப்பதைக் கேட்கும் நிலையில் இருக்க மாட்டார்கள். ஆனாலும் ஒரே ஒரு விஷயத்துக்குக் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். தப்பு யார் மேல் என்பதுதான் அது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும், வெட்கத்தோடு. எங்களிடம் ஒரு வாக்கியப் பட்டியல் இருந்தது. அறிக்கைகளில் ஒரே மாதிரியான வரிகள் திரும்பத் திரும்ப வருவதால், ஐம்பத்திரண்டு தமிழ் வாக்கியங்களை ஆயத்தமாக எழுதி எண் போட்டு வைத்திருந்தோம். அகராதி ஓரத்தில் எண்ணை மட்டும் குறித்தால் போதும், நான் வாக்கியத்தை அடித்துவிடுவேன். ஒன்பது என்றால், 'முதலுதவி உடனடியாக அளிக்கப்பட்டது.' பதினான்கு என்றால், 'மாதாந்தரச் சோதனை முறைப்படி நடந்துள்ளது.' முப்பத்தொன்று என்றால், 'குடும்பத்தாருக்கு இவ்வலுவலகம் தன் அனுதாபத்தைத் தெரிவித்துக்கொள்கிறது.' அனுதாபத்துக்கும் எண்தான். முதல் மாதம் எனக்கு உறுத்தியது, பிறகு பழகிவிட்டது.

அவர் ஓய்வு பெற நான்கு மாதம் இருந்தபோது ஒரு அறிக்கை வந்தது. துணிக் கிடங்கு ஒன்றில் சரக்கு லிஃப்ட் பாதியில் நின்று ஒருவருக்குக் கால் முறிந்திருந்தது. காலை பத்து மணிக்கு அகராதி தாளைக் கையில் பிடித்துக்கொண்டு என் மேசைக்கு வந்துவிட்டார். முகத்தில் பரவசம்.

"டைப்பிஸ்டம்மா, பெர்ஃபங்க்டரின்னு ஒரு வார்த்தை வந்திருக்கு. இந்த அதிகாரிங்க யாரும் இதெல்லாம் எழுதுறதே இல்லை. நல்ல மனுஷன் யாரோ."

"அர்த்தம் என்ன சார்?"

"நீங்க சொல்லுங்க. சோதனைக்கு வர்றாங்க. பட்டியலை எடுக்குறாங்க. எல்லாக் கட்டத்துலயும் டிக் போடுறாங்க. தேதி, கையெழுத்து, முத்திரை எல்லாம் சரியா இருக்கு. ஆனா லிஃப்ட் கதவுப் பூட்டை ஒருத்தரும் தொட்டுப் பார்க்கலை. அந்தச் சோதனையை என்னன்னு சொல்வீங்க?"

"ஏனோதானோ."

"இல்லை. ஏனோதானோன்னா செய்யறதே அரையும் குறையுமா இருக்கும். இங்க குறையே இல்லையே. காகிதத்துல எல்லாம் இருக்கு."

பிரிவுத் தலைவர் டீயோடு வந்தார். அவரும் சும்மா இருப்பாரா? "கண்துடைப்புன்னு போடுங்க" என்றார்.

"அது ஏமாத்து வேலை சார். கண்துடைப்பு செய்யறவனுக்குத் தான் ஏமாத்துறது தெரியும். பெர்ஃபங்க்டரி ஆசாமிக்குத் தான் தப்பு செய்யறதே தெரியாது. அவன் மனசாட்சிப்படி அவன் வேலை முடிஞ்சுது. பழைய இலத்தீன்ல அதுக்கு வேர், செஞ்சு கழிச்சுட்டேன்கிற மாதிரி வரும். சிரிப்புக்கும் சொல்லலாம், கைகுலுக்குறதுக்கும் சொல்லலாம். பக்கத்து வீட்டுக்காரர் எதிர்ல வந்தா பல்லைக் காட்டுறோமே, அது பெர்ஃபங்க்டரி சிரிப்பு. உதடு வேலை செய்யும், ஆள் அங்கே இருக்க மாட்டான்."

மேலெழுந்தவாரி, கடனே என்று, நுனிப்புல், பேருக்கு என்று ஆளுக்கு ஒன்று சொன்னோம். ஒவ்வொன்றையும் எடுத்துத் தராசில் வைத்துப் பார்த்துக் கீழே வைத்தார். கடைசியில் 'ஒப்புக்கு' என்பதில் வந்து நின்றார். "ஒப்புக்குச் செய்யப்பட்ட சோதனை. இதுல உருவம் இருக்கு, உயிர் இல்லை. இதுதான்" என்றார். அந்தக் காலைப் பொழுது முழுக்க அவர் சந்தோஷமாக இருந்தார். அதை நினைத்தால் இப்போதும் எனக்கு நெஞ்சு கனக்கிறது.

அந்தச் சொல் இருந்த வரி மேற்கோள். அதே கிடங்கில் பதினொரு வருடத்துக்கு முன் லிஃப்ட் ஓட்டியவர் ஒருவர் இறந்ததைப் பற்றிய பழைய அறிக்கையிலிருந்து அதிகாரி அதை எடுத்துப் போட்டிருந்தார். 'அப்போதே எச்சரித்திருந்தோம்' என்று காட்டுவதற்காக. மேற்கோள் வந்தால் பழைய கோப்பை எடுத்து, அன்றைய தமிழை அப்படியே போட வேண்டும் என்பது விதி. பிற்பகலில் அகராதி பதிவறைக்குப் போனார். ஒரு மணி நேரமாகியும் வரவில்லை. நான் போய்ப் பார்த்தேன். இரும்பு அலமாரிகளுக்கு நடுவே முக்காலியில் உட்கார்ந்திருந்தார். மடியில் கோப்பு. என்னைப் பார்த்ததும் தாளைத் திருப்பிக் காட்டினார்.

ஆங்கிலத்தில் இரண்டு வரிகள். லிஃப்ட் மூன்றாம் மாடியில் இல்லாதபோதே கதவு திறந்திருக்கிறது. மாதாந்தரச் சோதனை பெர்ஃபங்க்டரி. எதிர்ப் பக்கத்தில் தமிழ். 'லிஃப்ட் மூன்றாம் மாடியில் இல்லாதபோதே கதவு திறந்துள்ளது. மாதாந்தரச் சோதனை முறைப்படி நடந்துள்ளது.'

பதினான்காம் வாக்கியம். பக்கத்தின் அடியில் என் இரண்டெழுத்துச் சுருக்கொப்பம்.

எனக்குப் புரியக் கொஞ்ச நேரம் பிடித்தது. லிஃப்ட் வந்து நிற்காமல் அந்தக் கதவு திறக்கவே கூடாது, பூட்டு விடாது. பூட்டைச் சோதிக்காமலே கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள் என்பதுதான் அறிக்கை சொன்ன குற்றம். நாங்கள் அதை எடுத்துவிட்டு, எல்லாம் சரியாகத்தான் இருந்தது என்று எழுதிவிட்டோம். எல்லாம் சரியாக இருந்தால், கதவு எப்படித் திறந்தது? லிஃப்ட் ஓட்டியவர்தான் வம்படியாகத் திறந்திருக்க வேண்டும். தன் சாவைத் தானே தேடிக்கொண்டார் என்று ஆகிவிட்டது. கீழே அவருடைய மனைவியின் கையெழுத்து, 'கேட்டேன், புரிந்தது.' மறுப்பு ஏதும் வரவில்லை என்று முப்பத்தோராம் நாள் கோப்பு மூடப்பட்டிருந்தது.

"இந்தப் பொண்ணு முகம் உங்களுக்கு ஞாபகம் இருக்கா?" என்று அகராதி கேட்டார்.

எனக்கு நினைவில்லை. அவருக்கும் இல்லை. பேனாவை நகர்த்தி வைத்திருப்பேன், தண்ணீர் கொடுத்திருப்பேன். அந்த வருடத்தில் மட்டும் அப்படி அறுபது பேர் வந்திருப்பார்கள்.

அடுத்த இரண்டு நாள் நான் ஒரு கிறுக்குத்தனம் செய்தேன். அவருக்கு ஒரு சாக்கு தேடினேன். பழைய வருகைப் பதிவேட்டை எடுத்து அந்தத் தேதியைப் பார்த்தேன். அவருக்குக் காய்ச்சலா, வீட்டில் யாருக்காவது உடம்பு சரியில்லையா, வேலை மலையாகக் குவிந்திருந்ததா? ஒன்றுமில்லை. ஒரு சாதாரண வியாழக்கிழமை. அந்த ஒரு அறிக்கைதான் வந்திருந்தது. மழைகூட இல்லை. ஐந்து மணிக்கு இருவரும் கையெழுத்துப் போட்டுவிட்டு வீட்டுக்குப் போயிருக்கிறோம். சொல்லே தெரியாமல் தப்பாக எழுதியிருந்தாலாவது அறியாப்பிழை என்று விட்டுவிடலாம். அந்தச் சொல்லை இலத்தீன் வேர் வரைக்கும் தெரிந்த மனிதர் அவர். வரியின் தொடக்கத்தில் 'மாதாந்தரச் சோதனை' என்று கண்ணில் பட்டதும் மிச்சத்தைப் படிக்காமலே ஓரத்தில் பதினான்கு என்று போட்டிருக்கிறார். நானும் கண்ணை மூடிக்கொண்டு அடித்திருக்கிறேன்.

தப்பு நேர்ந்தால் திருத்த எங்களிடம் வழி இருந்தது. திருத்தத் தாள் என்று பெயர். நான் பார்த்து யாரும் அதைப் பயன்படுத்தியதில்லை. எத்தனை வருடம் ஆனாலும் செல்லும். மொழிபெயர்ப்பாளர் கையெழுத்துப் போட்டு, அலுவலகச் சாட்சி ஒருவரோடு சம்பந்தப்பட்டவரிடம் நேரில் போய்ப் படித்துக் காட்ட வேண்டும். அதில் மூன்று கட்டங்கள்: தவறான வாசகம், சரியான வாசகம், தவறுக்குக் காரணம்.

பிரிவுத் தலைவர் கெட்டவர் இல்லை. அதைச் சொல்லிவிட வேண்டும். கதவைச் சாத்திவிட்டு அகராதியை உட்காரவைத்துப் பேசினார். சாட்சியாகப் போக வேண்டியவள் என்பதால் நானும் உள்ளே இருந்தேன்.

"நாலு மாசம். நல்லபடியா ஓய்வெடுத்துப் போங்க சார். யாரும் கேட்காத கேள்விக்கு ஏன் பதில் சொல்லணும்?"

"அந்த அம்மா கேட்டுக்கிட்டேதான் சார் இருப்பாங்க" என்றார் அகராதி.

"சரி. திருத்தியே ஆகணும்னா திருத்துங்க. ஆனா காரணம்னு இருக்கே, அதுல தட்டச்சுப் பிழைன்னு போட்டுடுங்க. பதினேழுன்னு நீங்க எழுதினதைப் பதினாலுன்னு படிச்சுட்டாங்க, அவ்வளவுதான். கைப்பிரதி எல்லாம் எப்பவோ அழிச்சாச்சு. உங்க பேர்ல ஏறினா விசாரணை, அது இதுன்னு இழுக்கும். டைப்பிங்னா ஒரு குறிப்பு, முடிஞ்சுது."

"குறிப்பு யார் பேர்ல சார்?" என்று கேட்டேன்.

அவர் என் பக்கம் திரும்பவில்லை. "ஒரு ஃபார்மாலிட்டிதானேம்மா" என்றார்.

எனக்குக் கோபத்தில் காது சூடாகிவிட்டது. இளைத்தவன் தலையில் மிளகாய் அரைப்பது என்பது இதுதான். கிடங்குக்காரனுக்கு லிஃப்ட் ஓட்டியவர் கிடைத்தார், எங்கள் அலுவலகத்துக்கு நான் கிடைத்தேன். ஆனால் என்னை அதிகமாகச் சுட்டது அதுவல்ல. அகராதி மறுக்கவில்லை. காரணக் கட்டத்தை வெறுமையாக விட்டுத் தாளை நீட்டினார், தலைவர் முத்திரை குத்தினார். "போறதுக்கு முன்னாடி எழுதிடுங்க" என்று சொல்லி அனுப்பினார்.

சனிக்கிழமை பிற்பகல் பேருந்தில் போனோம். ஜன்னலோரம் அவர், பக்கத்தில் நான். மடியில் தோல்பை. பத்தொன்பது வருடமாக எதிரும் புதிருமாக உட்கார்ந்து வேலை பார்த்தவர்கள் அன்று ஒரு வார்த்தை பேசவில்லை. இறங்கும் இடம் வருவதற்கு முன் நானே கேட்டுவிட்டேன்.

"என் பேரை எழுதப்போறீங்களா சார்?"

வெளியே பார்த்துக்கொண்டே சொன்னார். "தெரியலைம்மா. பயமா இருக்கு. இத்தனை வருஷத்துல எனக்குன்னு இருக்கறது இந்த ஒரு பேர்தான். வேற ஒண்ணும் எனக்குத் தெரியாது."

எனக்கு அவர்மேல் ஆத்திரமாகவும் இருந்தது, பாவமாகவும் இருந்தது. வயதான மனிதர், அந்த இருக்கையில் ஒரு பொட்டலம் அளவுக்குக் குறுகி உட்கார்ந்திருந்தார். ஏதாவது சொன்னால் ஆறுதலாகிவிடும், அதைக் கொடுக்க எனக்கு மனமில்லை.

நான்கு மாடிக் கட்டடம். நீண்ட நடைகூடம், இரண்டு பக்கமும் கதவுகள், கதவுக்குக் கதவு செருப்புகள். மூன்றாம் மாடியில் கடைசிக்கு முந்தைய வீடு. கதவைத் திறந்தவருக்கு நாற்பது வயதுக்கு மேல் இருக்கும். ஓர் ஆஸ்பத்திரியின் சலவைப் பிரிவில் வேலை. வெந்நீரிலும் காரத்திலும் ஊறி விரல்கள் வெளுத்திருந்தன. அலுவலகப் பெயரைச் சொன்னதும் முகம் இறுகியது.

"மறுபடியும் கையெழுத்தா?"

"ஒரு திருத்தம் இருக்கும்மா. படிச்சுக் காட்டணும்" என்றார் அகராதி.

ஒரே அறை. ஒரு கட்டில், ஒரு நாற்காலி, சுவரோரம் மகளின் கல்லூரிப் புத்தகங்கள். நாற்காலியில் அவர் உட்கார்ந்தார், கட்டில் விளிம்பில் நான். அந்த அம்மா நின்றுகொண்டே இருந்தார். சுவரில் புகைப்படம் என்று ஒன்றும் இல்லை.

அகராதி தவறான வாசகத்தைப் படித்தார். பிறகு சரியான வாசகத்தைப் படித்தார். 'மாதாந்தரச் சோதனை ஒப்புக்குச் செய்யப்பட்டுள்ளது.' அந்த அம்மா முகத்தில் மாற்றமில்லை.

"எனக்கு ஒண்ணும் புரியலை. அப்படின்னா?"

அகராதி தாளை மடியில் வைத்துவிட்டு, அலுவலகத்தில் எங்களுக்குச் சொன்ன மாதிரியேதான் சொன்னார், பரவசம் இல்லாமல். "மாசாமாசம் சோதனைக்கு வந்தாங்கம்மா. பட்டியல்ல எல்லாத்துக்கும் டிக் போட்டாங்க. கையெழுத்துப் போட்டாங்க. கதவுப் பூட்டை மட்டும் தொட்டுப் பார்க்கலை. லிஃப்ட் வந்து நிக்காம அந்தக் கதவு திறக்கக் கூடாது. பூட்டு நல்லா இருந்தா, யார் இழுத்தாலும் திறக்காது."

"அவர் உடைச்சுத் திறக்கலையா?"

"இல்லை. எப்பவும் போல இழுத்திருக்கார். திறந்துடுச்சு. லிஃப்ட் உள்ளே இருக்குன்னு நம்பி காலை வெச்சிருக்கார்."

அந்த அம்மா மெல்லத் தரையில் உட்கார்ந்தார். பக்கத்து வீட்டில் யாரோ துணி துவைக்கும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

"அவசரக்குடுக்கைன்னு சொன்னாங்க" என்றார் பிறகு. "கூட வேலை பார்த்தவங்க இந்தக் கட்டடத்துலயே நாலு பேர் இருக்காங்க. சோதனையெல்லாம் சரியாத்தான் இருந்துச்சாம், உன் புருஷன்தான் அவசரப்பட்டுக் கதவை நெம்பிட்டான்னு சொன்னாங்க. நான் சண்டை போடலை. கவர்மெண்ட் ஆபீஸ்லயே படிச்சுச் சொல்லிட்டாங்களே. என் பொண்ணு எதையாவது கீழே போட்டா, அப்பனை மாதிரியே இருக்கியேன்னு திட்டுவேன். பதினோரு வருஷமா அப்படித்தான் திட்டி வளர்த்திருக்கேன்."

அகராதியை நிமிர்ந்து பார்த்தார்.

"அன்னைக்கு நீங்கதானே படிச்சீங்க?"

"நான்தான்."

"அப்புறம் ஏன் மாத்திப் படிச்சீங்க? தெரியாத வார்த்தையா?"

இதுதான் அந்த மூன்றாவது கட்டம். தட்டச்சுப் பிழை என்று ஒரு சொல் சொன்னால் போதும். அந்த அம்மாவின் கண் என் பக்கம் திரும்பும், அகராதி தப்பித்துவிடுவார். அவர் என்னைப் பார்த்தார். பிறகு தன் கைகளைப் பார்த்தார்.

"தெரிஞ்ச வார்த்தைதான்மா. நல்லாத் தெரியும். அந்த வரியை நான் படிக்கவே இல்லை. எழுத வேண்டியதை எழுதி, போட வேண்டிய இடத்துல கையெழுத்துப் போட்டேன். பூட்டைப் பார்க்க வந்தவங்க செஞ்ச மாதிரியேதான் நானும் செஞ்சேன். எனக்குச் சொல்றதுக்குக் காரணம் எதுவும் இல்லை. தேடிப் பார்த்துட்டேன்."

பைக்குள்ளிருந்து பேனாவை எடுத்தார். தாளை முழங்காலில் வைத்து மூன்றாவது கட்டத்தில் எழுதினார். 'மொழிபெயர்ப்பாளர் ஒப்புக்குச் செய்தது.' கீழே கையெழுத்துப் போட்டுவிட்டு என்னிடம் நீட்டினார். சாட்சிக் கையெழுத்துக்கு முன் பேனாவை வாங்கி அதே கட்டத்தில் ஒரு சொல் சேர்த்தேன். 'தட்டச்சாளரும்.' அவர் தடுக்க வந்தார். "விடுங்க சார், நானும்தானே அடிச்சேன்" என்றேன். தலைவர் சொல்லி என் பேர் ஏறுவது வேறு. இது வேறு.

அந்த அம்மா தாளை வாங்கினார், எழுத்துக்கூட்டி மூன்று கட்டத்தையும் படித்தார். கையெழுத்துப் போடவில்லை. எழுந்து கதவை விரியத் திறந்தார்.

"வெளியே வந்து படிங்க."

அகராதிக்குப் புரியவில்லை.

"அவரைப் பத்தி அன்னைக்கு இந்தக் கட்டடம் முழுக்கச் சொன்னாங்க. இதையும் அவங்க கேக்கட்டும். சத்தமாப் படிங்க."

அகராதி வாழ்நாளில் சத்தமாகப் பேசியதில்லை. எதிரே இருக்கும் ஒரு ஆளுக்குக் கேட்கும் அளவுக்குத்தான் அவர் குரல். நடைகூடத்துக்கு வந்து நின்றார். அந்த அம்மா ஒவ்வொரு கதவாகத் தட்டிக்கொண்டே போனார். துண்டோடு ஒருவர், கரண்டியோடு ஒருத்தி, தூங்கி எழுந்த முகத்தோடு ஒருவர் என்று பத்துப் பதினைந்து பேர் வந்து நின்றார்கள். வெள்ளைத் தாடிக்காரர் ஒருவர், கிடங்கில் வேலை பார்த்தவர் என்று பிறகு தெரிந்தது, கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு தலையைத் தொங்கப்போட்டு நின்றார்.

அகராதி படித்தார். முதல் வரி பாதியில் குரல் உடைந்தது. "கேக்கலை" என்றார் யாரோ. மறுபடி தொடங்கினார். இந்த முறை கத்தினார் என்றே சொல்ல வேண்டும். தவறான வாசகம். சரியான வாசகம். காரணம். தன் பதவியின் பெயரைச் சொல்லி, தான் செய்ததைச் சொல்லி, அத்தனை பேருக்கு நடுவில் நின்றார். என் பங்கையும் படித்தார். எனக்கு முகம் எரிந்தது. ஆனால் அந்த இடத்தை விட்டு நகர வேண்டும் என்று தோன்றவில்லை.

கல்லூரிப் பையோடு ஒரு பெண் மாடிப்படியில் ஏறி வந்து, கூட்டத்தைப் பார்த்துத் திகைத்து நின்றாள். மெலிந்த, அடர்ந்த புருவம் உள்ள பெண். அவள் அம்மா அவள் பக்கம் போனார், தொடவில்லை.

"உங்கப்பா மேல தப்பு இல்லடி. அவர் அவசரக்காரர் இல்லை. உன்னையும் இனிமே அப்படிச் சொல்ல மாட்டேன்."

அந்தப் பெண்ணுக்கு என்ன செய்வது என்று தெரியவில்லை. பையை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றாள். வெள்ளைத் தாடிக்காரர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அந்த அம்மா அவரைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. சுவரில் தாளை வைத்து, 'கேட்டேன், புரிந்தது' என்ற இடத்தில் கையெழுத்துப் போட்டார். எங்களுக்கான பிரதியைக் கிழித்து என் கையில் கொடுத்தார். நன்றியும் சொல்லவில்லை, வசையும் சொல்லவில்லை. தன் பிரதியோடு வீட்டுக்குள் போய்விட்டார்.

வந்தவர்கள் ஒவ்வொருவராக உள்ளே போனார்கள். அகராதியின் தோல்பை வீட்டுக்குள் அந்த நாற்காலியருகே இருந்தது. எடுத்துக்கொள்ளலாம் என்று பாதி திறந்திருந்த கதவுப்பக்கம் போனோம். கட்டிலுக்கு அடியிலிருந்து ஒரு பெட்டியை இழுத்து, மடித்த துணிகளுக்குக் கீழே கைவிட்டு, சட்டம் போட்ட ஒரு படத்தை வெளியே எடுத்திருந்தார் அந்த அம்மா. முந்தானையால் கண்ணாடியைத் துடைத்தார். நாங்கள் நிற்பது அவருக்குத் தெரியவில்லை. அந்தப் படத்தோடு மெதுவாகப் பேசிக்கொண்டிருந்தார்.

"என்னை மன்னிச்சுடுங்க. எனக்கு அப்படித்தாங்க படிச்சுச் சொன்னாங்க."